வெட்கம் மருந்தாகாது

உடலில் வரும் நோய்களுள் வாய்விட்டுச் சொல்லக்கூடியவை சில, சொல்லக்கூடாதவை சில என்று நாமே ஒரு பிரிவினையை வகுத்து வைத்திருக்கின்றோம். நெஞ்சு வலி என்றால் நள்ளிரவிலும் அயலவரை எழுப்புகின்றோம். சலரோகம் என்றால் கலியாண வீட்டுப் பந்தியிலேயே அதைப் பற்றிப் பேசுகின்றோம். ஆனால் ஆண்குறியில் வலி, அதில் ஒரு தடிப்பு, விறைக்கும்போது ஒரு பக்கமாக வளைவு என்று வந்துவிட்டால், மனைவிக்குக்கூடச் சொல்லாமல் குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு சுடுநீர் ஒத்தணம் பிடிக்கின்றோம். குடும்பத்தினர் அனைவரும் படிக்கும் பத்திரிகையில் இதை எழுத வேண்டுமா என்று கேட்போர் இருப்பர். குடும்பங்களுக்குள் மௌனத்தையும் பிரிவையும் உண்டாக்கும் நோய் என்பதனாலேயே எழுதுகின்றோம்.

இதற்குப் பெய்ரோனி நோய் என்று பெயர். பிரான்ஸ் மன்னன் பதினைந்தாம் லூயியின் சத்திரசிகிச்சை வைத்தியராக விளங்கிய பெய்ரோனி 1743இல் இந்நோயை விவரித்து எழுதினார். குறியின் உள்ளே விறைப்பைத் தாங்கி நிற்கும் உறுதியான உறை, ஓரிடத்தில் தழும்புபோல இறுகி நெகிழும் தன்மையை இழந்துவிடுகின்றது. மற்றைய பகுதி விரிய, தழும்புள்ள பகுதி விரிய மறுப்பதால் வளைவு உண்டாகின்றது. நடுத்தர வயதைக் கடந்தோரிடமே இது பெரும்பாலும் காணப்படுகின்றது. சலரோகம் உள்ளோருக்கும், கைவிரல்கள் உள்ளங்கையை நோக்கி மடங்கி இறுகும் நோய் உள்ளோருக்கும் இது வரும் வாய்ப்பு அதிகம். இது புற்றுநோயன்று, மனைவிக்குத் தொற்றக்கூடியதுமன்று. விளம்பரப் பக்கங்களில் சிலர் பயமுறுத்துவதுபோல ‘வாலிப வயதுத் தவறுகளுக்கு’ வந்த தண்டனையுமன்று.

வெப்பத்தை நாடுவது நமது அறியாமை என்றும் நாம் சொல்லமாட்டோம். பெய்ரோனியே தம்மிடம் வந்தவர்களுக்குப் பிரனீஸ் மலையிலுள்ள பரேஜ் வெந்நீரூற்றின் நீரைத்தான் பரிந்துரைத்தார். 2005இல் இத்தாலிய வைத்தியர்கள், வெப்பத்தை 39, 40 பாகை செல்சியஸ் அளவில் நிறுத்தி வைக்கும் கருவியொன்றைக் கொண்டு இந்நோயாளருக்குச் சிகிச்சை அளித்து, நல்ல பலன் கண்டதாக எழுதினர். ஆனால் அது வைத்தியசாலைக் கருவியைக் கொண்டு செய்த முதற்கட்ட ஆய்வு. வீட்டில் பிடிக்கும் ஒத்தணம் தழும்பைக் கரைக்கும், வளைவை நிமிர்த்தும் என்பதற்கு இன்றுவரை தக்க சான்று இல்லை. இதமான சூடு வலியைச் சற்றுத் தணிக்கலாம். தசைகளின் இறுக்கத்தைத் தளர்த்தலாம். அதற்குமேல் அதனிடம் எதையும் எதிர்பார்க்கலாகாது.

இங்கேதான் பலர் ஏமாந்து போகின்றனர். இந்நோயின் முதற்கட்டத்தில் வலி இருக்கும். சில மாதங்களில், சிலருக்கு ஒன்றரை ஆண்டுக்குள், அவ்வலி பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடும். ஒத்தணம் பிடித்தவர் ஒத்தணத்தால் குணமடைந்தேன் என்று நம்புவார். வலி போய்விடும், வளைவோ பெரும்பாலானோருக்கு அப்படியே நின்றுவிடும், அல்லது கூடிவிடும். வலியோடு நோயும் போய்விட்டது என்று எண்ணி அவர் இழந்த காலம், வைத்தியர் நோயின் போக்கைக் கவனித்து ஆலோசனை கூறியிருக்கக்கூடிய காலமாகும்.

வலிக்காக ஒத்தணம் பிடிக்க விரும்புவோர் சிலவற்றை மனதிற் கொள்ள வேண்டும். முழங்கையை வைத்துப் பார்த்தால் இதமாகத் தெரியும் நீரில் துவாயை நனைத்துப் பிழிந்து, பத்துப் பதினைந்து நிமிடங்களுக்கு மேற்படாமல் வைத்தால் போதும். சுடுநீர்ப் பையை நேரே தோலில் வைக்கக்கூடாது. அதை வைத்தபடி உறங்கவும் கூடாது. ஊரில் முழங்காலுக்குச் செய்ததுபோல உப்பை வறுத்துக் கட்டுவதும், மைக்ரோவேவில் சூடாக்கிய பையை வைப்பதும், எரிவு தரும் தைலங்களைப் பூசுவதும் அந்த மெல்லிய தோலைப் புண்ணாக்கிவிடும். சலரோகத்தால் உணர்வு மங்கியவருக்குத் தோல் வெந்தபின்பே சூடு தெரியவரும். அத்தகையோர் வைத்தியரைக் கேளாமல் இதைச் செய்யவே கூடாது. உறவின்போது திடீரென முறிவதுபோன்ற ஓசை கேட்டு வீக்கமும் கண்டால், அது ஒத்தணத்துக்குரிய நேரமன்று. உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.

வைத்தியரிடம் செல்வதனால் என்ன பயன்? முதலாவதாக, தடிப்பு எதுவென்று அவரே தீர்மானிக்க வேண்டும். வைட்டமின் ஈ மாத்திரைகளால் பயனில்லை என்பதை அவர் சொல்லிப் பணத்தை மிச்சப்படுத்துவார். இழுவைக் கருவிகள் சிலருக்கு உதவுகின்றன. தழும்பைத் தளர்த்தும் ஊசிமருந்தொன்று 2013இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஐரோப்பாவில் 2020இல் அது விற்பனையிலிருந்து விலக்கப்பட்டது. நோய் ஓர் நிலைக்கு வந்தபின் சத்திரசிகிச்சைக்கும் வழியுண்டு. வளைவு சிறிதாயின் எதுவுமே தேவைப்படாமலும் போகலாம். அதை அறிவதும் ஒரு நிம்மதியே.

ஆயினும் நம்மவரைத் தடுப்பது மொழி. வைத்தியரிடம் போகும்போது பள்ளிக்கூடம் போகும் மகனையோ மகளையோ மொழிபெயர்க்க அழைத்துச் செல்லும் வழக்கம் நமது வீடுகளில் வேரூன்றிவிட்டது. பன்னிரண்டு வயதுப் பிள்ளையை அருகில் வைத்துக்கொண்டு எந்தத் தகப்பன் இதைச் சொல்வான்? ‘முதுகு நோகின்றது’ என்று சொல்லி, முதுகுக்கு மருந்து வாங்கிக்கொண்டு திரும்புகின்றான். பிள்ளையை அழைத்துச் செல்லாதீர்கள். மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள், ஆண் ஒருவரே வேண்டும் என்றும் கேளுங்கள். வளைவைக் காட்ட வீட்டில் எடுத்த படமொன்று போதும் என்று வைத்தியர்களே சொல்கின்றனர். நோயாளி சொன்னதை வெளியிடாதிருப்பது வைத்தியரின் கடமை. இங்கிலாந்தில் குடும்ப வைத்தியரிடம் பதிவதற்கு விசா நிலை ஒரு தடையன்று. ஜெர்மனியில் தஞ்சம் கோருவோருக்கான சட்டம் முதற்காலத்தில் கடும் நோய்க்கும் வலிக்குமே முதன்மையாகச் சிகிச்சை தருகின்றது. அங்குள்ளோர் வலி இருக்கும்போதே சென்று சொல்வது நன்று.

இன்னொன்றையும் தயக்கத்தோடு எழுதுகின்றோம். குறியில் பட்ட காயமும் தழும்பாகி வளைவைத் தரலாம். 2000ஆம் ஆண்டு லான்செட் மருத்துவ இதழில், லண்டனில் சித்திரவதைக்கு உள்ளானோரைப் பராமரிக்கும் நிறுவனத்துக்கு வந்த இலங்கைத் தமிழ் ஆண்கள் 184 பேரைப் பற்றிய கட்டுரையொன்று வெளியாயிற்று. தடுப்புக் காவலில் பாலியல் வதைக்கு உள்ளானதாக அவர்களுள் 38 பேர் கூறியிருந்தனர். சொல்லாதோர் எத்தனை பேரோ! அத்தகைய காயத்தைச் சுமப்பவருக்கு நாம் கூறக்கூடியது, வெட்கப்பட வேண்டியவர் நீங்களல்லர் என்பதே. வைத்தியர் எழுதிவைக்கும் குறிப்பு உங்கள் தஞ்ச வழக்குக்கும் துணையாகலாம்.

இறுதியாக, மனைவிமாருக்கு ஒரு சொல். கணவர் விலகிப் படுக்கின்றார் என்றால் வேறொருத்தி காரணம் என்று முடிவுகட்டுமுன், அவருக்கு ஏதும் நோவு உண்டா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். கணவர்மாரும் கேட்கப்படும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒத்தணம் பிடிக்க விரும்பினால் பிடியுங்கள். ஆனால் கதவைத் திறந்துவிட்டு, வைத்தியரிடம் நாளும் நேரமும் கேட்டுவிட்டுப் பிடியுங்கள்.