ஊசி முனையும் ஆறு மாதத் தவணையும்

"கத்தி வைக்காமல் ஈரல் புற்றுநோய்க்குத் தீர்வு." இத்தகைய தலைப்புகளைப் பத்திரிகை மேசையிலிருந்து எழுதியவர்களில் நானும் ஒருவன். அவை பொய்யல்ல. ஆனால் முழு உண்மையுமல்ல. விடுபட்ட பாதியைப் பற்றியே இன்று எழுத விரும்புகிறேன்.

முதலில் நல்ல செய்தி. ஈரலில் தோன்றும் சிறிய கட்டியை அல்ட்ராசவுண்ட் திரையில் பார்த்தபடியே, தோலினூடாக நீண்டதோர் ஊசியை வைத்தியர் அதனுள் செலுத்துகிறார். ஊசியின் முனையில் பாயும் உயர் அதிர்வெண் மின்னோட்டம் கட்டியையும் அதைச் சூழ்ந்த சிறு பகுதியையும் சுட்டுப் பொசுக்கிவிடுகிறது. வயிற்றைத் திறக்கவேண்டியதில்லை. பெரும்பாலும், 3 சென்ரிமீற்றருக்கு மேற்படாத ஓரிரு கட்டிகள் உள்ளவர்களுக்கே இது ஏற்றது.

இதன் பலன் என்ன? டோக்கியோ பல்கலைக்கழக வைத்தியர்கள் தமது பத்தாண்டு அனுபவத்தை 2012இல் வெளியிட்டனர். அங்கு இம்முறையில் சிகிச்சை பெற்ற 1,170 நோயாளரில், ஐந்தாண்டுகளின் பின் உயிரோடிருந்தோர் 60.2 சதவீதம்; பத்தாண்டுகளின் பின் 27.3 சதவீதம். ஈரல் புற்றுநோய் என்றதும் மாதக் கணக்கில் ஆயுளை எண்ணிய காலத்தை அறிந்தவர்களுக்கு இது சாதாரண செய்தியல்ல.

ஆயினும் அதே ஆய்வில் வேறு இரு எண்களும் உள்ளன. சுட்ட இடத்திலேயே கட்டி மீண்டும் வளர்ந்தது, ஐந்தாண்டுகளில் 3.2 சதவீதத்தினருக்கு மாத்திரமே. ஈரலின் வேறோர் இடத்தில் புதிய கட்டி தோன்றியதோ 74.8 சதவீதத்தினருக்கு!

ஊசி தன் கடமையைச் செவ்வனே செய்தது. களை பிடுங்கப்பட்டது, ஆனால் வயல் மாறவில்லை. அந்நோயாளரில் பெரும்பாலோரின் ஈரல், சி வகை வைரஸினால் பல்லாண்டுகளாகப் பழுதடைந்திருந்தது. பழுதடைந்த ஈரல் புதிய கட்டிகளுக்கு இடம் கொடுத்துக்கொண்டே இருக்கும். அந்த 1,170 பேருக்குமாக அங்கு செய்யப்பட்ட சிகிச்சைகளின் எண்ணிக்கை 2,982. அதாவது, நீண்ட ஆயுளைத் தந்தது ஒரு தடவை குத்திய ஊசியல்ல. திரும்பத் திரும்பப் பரிசோதித்து, கட்டி சிறிதாக இருக்கும்போதே கண்டுபிடித்து, மீண்டும் சுட்ட விடாமுயற்சியே அது.

இந்த நோயின் வஞ்சகம் அதன் மௌனத்தில் இருக்கிறது. சிகிச்சைக்கு இடந்தரும் பருவத்தில் கட்டி வலிப்பதில்லை. வலித்து, உடல் மெலிந்து, கண் மஞ்சளாகிய பின் வைத்தியசாலைக்குப் போகிறவருக்கு இந்த ஊசியினால் பெரும்பாலும் பயனில்லை. ஆகவேதான் சிரோசிஸ் எனப்படும் ஈரல் இறுகும் நோயுள்ளவர்களும், பி வகை வைரஸைக் காவுவோரில் ஆபத்து மிகுந்தவர்களும் ஆறு மாதத்துக்கொரு தடவை ஸ்கான் செய்துகொள்ளவேண்டும் என்று மருத்துவ உலகம் வலியுறுத்துகிறது.

"நாம் குடிப்பதில்லையே, எமக்கென்ன?" என்று கேட்போர் நம்மிடையே பலர். இலங்கையில் ராகமைப் பகுதியில் 35 முதல் 64 வயது வரையானோரிடையே நடத்தப்பட்டு 2009இல் வெளியான ஆய்வு, ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு, மதுவினால் ஏற்படாத ஈரல் கொழுப்பு இருப்பதைக் காட்டியது. கொழுப்பு படிந்த ஈரல் யாவும் புற்றுநோயில் முடிவதில்லை, வீணாக அஞ்சவேண்டியதுமில்லை. ஆனால் நீரிழிவும் பருத்த உடலும் சேர்ந்தவர்களில் ஒரு சாராருக்கு ஈரல் மெல்ல மெல்ல இறுகுகிறது. நீரிழிவுக்கு மாதந்தோறும் மருந்தெடுக்கும் எத்தனை பேர், "என் ஈரல் எப்படியிருக்கிறது?" என்று வைத்தியரிடம் கேட்டிருக்கிறார்கள்?

புதிய கருவி வந்தால் அது செய்தியாகிறது. ஆறு மாதத் தவணையைத் தவறவிடாமல் ஸ்கானுக்குப் போய்வரும் ஒரு முதியவர் செய்தியாவதில்லை. ஆனால் அந்தக் கருவிக்கு வேலை செய்ய வாய்ப்பளிப்பவர் அவர்தான். என்னிடம் இன்று தலைப்பு எழுதச் சொன்னால், அவரைப் பற்றித்தான் எழுதுவேன்.