பல் பதிக்க முன் என்பு

ஷெல் வீச்சில் மேற்பற்களை இழந்த சகோதரிகள் சிலர், "பல் பதிக்க என்பு போதாது" என்று பல் வைத்தியர் சொன்னதும் மனமுடைந்து போகிறார்கள். இது உங்கள் தவறல்ல. பல் போன இடத்தில் தாடையென்பு தானாகவே தேயும். முதல் வருடத்தில்தான் அதிகம். மேல்தாடைக் கடைவாயில், மேலேயுள்ள காற்றறையும் கீழிறங்கிவிடும்.

அவ்வறையின் மெல்லிய சவ்வை உயர்த்தி, நாடியிலோ இடுப்பிலோ எடுத்த என்பை வைப்பார்கள். பதப்படுத்திய மாட்டென்புத் துகளும் உண்டு. விரும்பாதவர்கள் முன்பே சொல்லலாம். அது இறுகப் பல மாதங்கள் செல்லும். பிறகே தைத்தேனியத் திருகு. சத்திரசிகிச்சைக்குப் பின் இரண்டு கிழமையாவது மூக்கைச் சீறாதீர்கள்.

கன்னத்தில் ஷெல் துண்டு இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். செலவு பெரிது, வசதியில்லாதவர்களுக்குக் கழற்றிப் பூட்டும் கட்டுப்பல்லும் உண்டு, அதில் வெட்கமில்லை.