நிலக்காட்சியும் வெட்டுக் கத்தியும்

நிலக்காட்சிப் படமொன்றைக் கவர்ச்சியுள்ளதாக்க வேண்டுமாயின் அதன் ஓரங்களை வெட்ட வேண்டும் என்பது, புகைப்படக் கலை பற்றி நம்மிடையே வழங்கும் போதனைகளுள் ஒன்றாகும். அடிவானத்தைப் படத்தின் நடுவில் வைத்தலாகாது, மேலோ கீழோ மூன்றிலொரு பங்கில் நிறுத்த வேண்டும். வெறுமையான வானத்தைக் குறைக்க வேண்டும். மின்கம்பி, தகரக் கூரை, கொடியில் உலரும் துணி முதலாய ‘கண்ணை உறுத்தும்’ பொருள்களை நீக்க வேண்டும். இவ்வாறு விதிகள் அடுக்கப்படும். முன்னர் இருட்டறையிற் செய்யப்பட்ட இவ்வேலையை இன்று கையடக்கத் தொலைபேசியில் விரல்நுனியாற் செய்து முடிக்கலாம். வேலை எளிதாகிவிட்டமையால் விதி ஆராயப்படாமலே வழக்காகிவிட்டது. அழகின் பெயரால் நிலத்திலிருந்து மனிதரைப் பிரித்தெடுக்கும் ஒரு சமூக நோக்கு இவ்விதியின் பின்னால் மறைந்திருக்கின்றது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

வெட்டுதலே குற்றம் என்று நாம் கூறவில்லை. கமராவை ஒரு திசையில் நிறுத்தும்போதே ஏனைய திசைகள் வெட்டப்பட்டுவிடுகின்றன. வெட்டாமையை ஓர் ஒழுக்கமாகவே போற்றியவர் பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்ட்டியே பிறெசோன். ஆயினும், 1932 இல் பாரிஸ் நகரின் சென் லசார் புகையிரத நிலையத்தின் பின்புறத்தே ஒருவன் தேங்கிய நீரைத் தாண்டுவதை அவர் எடுத்த புகழ்பெற்ற படம் ஓரம் வெட்டப்பட்டதேயாகும். வேலிப் பலகைகளின் இடைவெளியூடாக எடுத்தமையாற் படத்தின் ஒரு பக்கத்தைப் பலகை மறைத்திருந்தது. அது நீக்கப்பட்டமையால் அம்மனிதனைப் பற்றியோ அவ்விடத்தைப் பற்றியோ நாம் அறியவேண்டிய எதுவும் குறைந்துவிடவில்லை. எனவே, எதனை வெட்டுகின்றோம், எஞ்சுவது எதனைச் சொல்கின்றது என்பவையே நாம் கேட்கவேண்டிய வினாக்கள்.

இவ்விதிகளின் பிறப்பை நோக்குவோம். மூன்றிலொரு பங்கு விதியை அப்பெயராற் குறித்து எழுதியவர் ஜோன் தோமஸ் சிமித் என்னும் ஆங்கிலேயர், ஆண்டு 1797. புகைப்படம் அப்போது தோன்றியிருக்கவில்லை. அவர் பேசியது ஓவியம் பற்றியே. அதற்குச் சற்று முன்னர், 1782 இல், வில்லியம் கில்பின் என்னும் மதகுரு வை நதிப் பயணம் பற்றிய தமது நூலை வெளியிட்டார். ரின்ரேண் மடாலயத்தின் இடிபாடுகளிற் சுவர்முகடுகள் அளவுக்கு மீறி ஒழுங்காக நிற்கின்றன என்றும், ஒரு சுத்தியலைப் பக்குவமாகப் பயன்படுத்தினாற் காட்சி மேம்படும் என்றும் அதிற் குறைப்பட்டுக்கொண்டார். அவ்விடிபாடுகளுக்கிடையே ஒண்டி வாழ்ந்த ஏழைகளின் அவலத்தையும் அதே நூலில் அவர் விவரித்துள்ளார். ஆனால் அழகுக் கணக்கில் அவர் திருத்த விரும்பியது சுவரின் கோட்டை மட்டுமே. நிலத்தில் உழைப்பவனுடைய கண் இதுவன்று. நிலத்தைக் கடந்து செல்லும் கனவானுடைய கண். நாம் இன்று ‘பொது விதி’ எனக் கற்பிப்பவற்றிற் பெரும்பகுதி இக்கண்ணின் வழியே வந்ததாகும்.

இந்நோக்கு பின்னர் கமராவினுள்ளும் புகுந்தது. கலிபோர்னியாவின் யொசெமிற்றிப் பள்ளத்தாக்கில் வாழ்ந்த அவானீச்சி மக்களை 1851 இல் ஓர் ஆயுதப்படை புகுந்து விரட்டியது. அவர்களுட் பலர் பின்னர் திரும்பி வந்தும் வாழ்ந்தனர். 1861 இல் கார்ள்ட்டன் வொட்கின்ஸ் பெரிய கண்ணாடித் தகடுகளில் அப்பள்ளத்தாக்கைப் படம்பிடித்தார். பாறை, அருவி, நிழல் விழுந்த நீர் ஆகியவை அப்படங்களில் ஒப்பற்ற முறையில் அமைந்துள்ளன. அவற்றைக் காண்போர், மனிதக் காலடியே படாத கன்னி நிலம் ஒன்றைக் காண்பதாகவே எண்ணுவர். 1864 இல் லிங்கன் கையொப்பமிட்ட சட்டத்தினால் அப்பள்ளத்தாக்கு பாதுகாக்கப்பட்டதற்கு இப்படங்களும் துணைநின்றன என்பர். காடு காக்கப்பட்டது நன்றே. ஆனால் அந்நிலத்துக்கு உரியோர் எவருமில்லை என்ற பொய்யும் அதனோடு சேர்ந்து காக்கப்பட்டது.

நமது காலத்துக்கு வருவோம். ஜேர்மானியரான அன்ட்றியாஸ் கேர்ஸ்கி 1999 இல் ஆக்கிய ‘றைன் 2’ என்னும் படம் 2011 இல் நியூயோர்க் ஏலத்தில் 43 இலட்சம் டொலருக்கு மேல் விலைபோனது. அந்நாள்வரை வேறெந்தப் புகைப்படமும் ஏலத்திற் பெற்றிராத தொகை அது. பசுங்கரை, நதி, சாம்பல் வானம் என்பவற்றைத் தவிர அதில் வேறெதுவும் இல்லை. எதிர்க்கரையில் நின்ற தொழிற்சாலைக் கட்டடத்தையும் நாயுடன் உலாவியோரையும் அவர் கணினியில் அழித்துவிட்டார். கேர்ஸ்கி இதனை மறைக்கவில்லை. அது அவரது நேர்மை. ஆயினும் ஐரோப்பாவின் பெருந்தொழில் நதி ஒன்று, தொழிலின் சுவடு துடைக்கப்பட்ட நிலையில் அந்த விலைக்குப் போனது என்பதைச் சிந்தித்தல் வேண்டும்.

நமது மலையகத்துக்கு இவ்விதியைப் பொருத்தும்போது அதன் விளைவு வெளிப்படையாகின்றது. 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட நாள் முதலாக, அம்மலைச்சரிவுகளின் பசுமை முழுவதும் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழ்த் தொழிலாளரின் கையால் ஆனது. அது இயற்கைக் காட்சி அன்று; உழைப்பின் விளைவு. அத்தகைய படமொன்றை எண்ணிப் பார்ப்போம். மேலே பனிமூட்டம், நடுவே தேயிலை மலை, கீழே ஒரு மூலையில் லயத்தின் துருப்பிடித்த தகரக் கூரை, அங்கிருந்து மலைக்கு ஏறும் ஒற்றையடிப் பாதை. விதியை நம்புபவர் கீழ்ப்பகுதியை வெட்டிவிடுவார். உலகமெங்கும் தேயிலைப் பெட்டிகளையும் சுற்றுலாச் சுவரொட்டிகளையும் அலங்கரிக்கும் பசுங்கம்பளம் கிடைத்துவிடும்.

கலை என்ற அளவிற்கூட இவ்வெட்டு தோல்வியே. கூரை போனதும் மலையின் உயரத்தை அளக்கக் கண்ணுக்கு ஓர் அளவுகோல் இல்லாது போகின்றது. எங்கிருந்தோ முளைக்கும் பாதைக்குப் பொருளில்லை. மாறாக, மேலேயுள்ள பயனற்ற வானத்தைக் குறைத்து, லயத்தின் கூரைக் கோட்டைக் கீழ் மூன்றிலொரு பங்கில் நிறுத்தினால், அதே விதி உண்மைக்கு ஊழியம் செய்யும். பார்வை லயத்திற் புறப்பட்டுப் பாதைவழி ஏறி மலையை அடையும். தொழிலாளி நாள்தோறும் நடக்கும் வழியும் அதுவே.

‘கலைஞன் செய்தி நிருபரல்லன், அவனுக்குத் தெரிவுச் சுதந்திரம் உண்டு’ என்பர் சிலர். சுதந்திரம் உண்டு என்பதனாலேயே பொறுப்பும் உண்டு. மலையின் பேரழகை முற்றாக வெட்டிவிட்டு, ஒழுகும் கூரையையும் அழும் குழந்தையையும் மட்டும் எஞ்சவிடும் முற்போக்குப் படங்களையும் இங்கு கண்டிக்கவே வேண்டும். அவையும் காரணத்திலிருந்து விளைவைப் பிரிக்கின்றன. அம்மக்களை இரக்கத்துக்குரிய பொருளாக்கி, அவர்கள் ஆக்கிய மலையை அவர்களிடமிருந்து பறிக்கின்றன. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களுட் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது. நாட்டின் ஏட்டிலிருந்து வெட்டப்பட்டவர்களை நாட்டின் படத்திலிருந்தும் வெட்டும் கை, தான் செய்வதை அறிந்து செய்தல் வேண்டும்.

தமிழ் மரபு நிலத்தை இவ்வாறு தனித்துக் கண்டதில்லை. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாக வைத்து, தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என்பவற்றைக் கருப்பொருளாக்கி, மனிதரின் ஒழுக்கத்தை உரிப்பொருளாக்கியது. திணை ஒரு செய்யுள் மரபு. அதனை அவ்வாறே கமராவிற் பொருத்துதல் இயலாது. ஆயினும், தொழிலும் வாழ்வும் நீங்கிய நிலம் முழுமை பெறாது என்னும் அதன் அடிப்படை நமக்கு உரியது. அதனை விடுத்துக் கனவானின் கண்ணைக் கடன்வாங்க வேண்டிய தேவை நமக்கு இல்லை.

நமது பல்கலைக்கழகங்களில் நிகழும் புகைப்படப் போட்டிகளிலும் கண்காட்சிகளிலும் ஒரு நடைமுறையைக் கைக்கொள்ளலாம். வெட்டிய படத்தின் அருகே வெட்டாத படத்தையும் சிறிதாக வைத்தல் வேண்டும். மாணவர் இரண்டையும் ஒப்பிட்டு, நீங்கியது வேலிப் பலகையா, மனித வாழ்வா எனக் கேட்கட்டும். நடுவர்களும் அவ்வினாவுக்கு விடை கண்ட பின்னரே பரிசினை முடிவு செய்யட்டும்.