சிறு கமக்காரருக்கு எந்த உழவு இயந்திரம்?

பருவமழை பலப்பதற்கு முன்னர் நிலத்தைப் புரட்டி விதைத்துவிட வேண்டும் என்பது மானாவாரி நெற்செய்கையாளரைப் பொறுத்தவரை வாழ்வா சாவா என்ற விடயமாகும். பிந்தி விதைத்தால் இளம்பயிர் வெள்ளத்தில் மூழ்கி அழுகிவிடும். வாடகை உழவு இயந்திரமோ பெரிய வயற்காரரின் வேலையை முடித்த பின்னரே இரண்டு ஏக்கர்காரரின் வரம்புக்கு வருகின்றது. குடும்பப் பொறுப்பைத் தனித்துச் சுமக்கும் பெண்களின் முறை இன்னும் கடைசியில்தான். சொந்தமாக ஓர் இயந்திரம் வேண்டும் என்ற எண்ணம் இதிலிருந்தே பிறக்கின்றது.

எதை வாங்குவது என்பதில்தான் பலர் தவறுகின்றனர். எங்கள் மக்கள் பொதுப்பெயராகவே ஆக்கிவிட்ட ‘லாண்ட்மாஸ்டர்’ எனும் இரு சக்கர உழவு இயந்திரம், 1950களில் நம் நாட்டுப் பொறியியலாளர் ரே விஜேவர்தனவின் முயற்சியில் உருவானது. அவரே பிற்காலத்தில் இயந்திர உழவின் பயனைக் கேள்விக்குட்படுத்தி, உழாமல் பயிரிடும் முறைகளுக்காக வாதாடினார் என்பது சிந்தனைக்குரியது. எனினும் சேற்று வயலுக்கும் சிறு வரவைக்கும் அவ்வியந்திரம் இன்றும் பொருந்துகின்றது. பாரம் குறைவு, ஒற்றைச் சிலிண்டர் இயந்திரத்தைக் கிராமத்து மெக்கானிக்கே திருத்திவிடுவார், பெட்டியைப் பூட்டினால் நெல்மூட்டையும் ஏற்றலாம். ஆனால் அதன் பின்னால் சேற்றில் நடக்க உடல்வலு வேண்டும். இளைஞர்கள் வெளிநாடு சென்றுவிட்ட வீடுகளில் அறுபது வயதுத் தந்தை அதைப் பிடித்துத் திருப்புவது இலகுவன்று.

நாற்பது, ஐம்பது குதிரைவலு கொண்ட நான்கு சக்கர இயந்திரம் வேகமானது. அம்பாறை, மட்டக்களப்பு மாவட்டங்களின் பரந்த வயல்வெளிகளுக்கு அது ஏற்றதே. வலிகாமத்தின் செம்மண் தோட்டத்தில் நிலைமை வேறு. பதினாறு பரப்பு சேர்ந்தால்தான் ஓர் ஏக்கர். நான்கு பரப்பு வெங்காயத் தறைக்குள் பெரிய இயந்திரம் திரும்புவதற்கே இடம் போதாது. சில ஒழுங்கைகளுக்குள் அது நுழையவும் மாட்டாது. இரண்டுக்கும் இடைப்பட்ட, சுமார் இருபது குதிரைவலு கொண்ட சிறிய நான்கு சக்கர இயந்திரம் இத்தகைய தோட்டங்களுக்கு நல்ல தெரிவு. ஆழமான சேற்றில் அது புதையக்கூடும் என்பதை விற்பனையாளர் கூறுவதில்லை. உதிரிப்பாகம் பக்கத்து நகரில் கிடைக்குமா என்பதையும் வாங்கும் முன்னரே கேட்டறிய வேண்டும்.

இவற்றையெல்லாம் விடப் பெரிய கேள்வி கடன். ஐந்து ஏக்கர் வைத்திருப்பவருக்கு இரு போகத்திலும் சேர்த்து உழவு வேலை சில வாரங்களே. லீசிங் தவணையோ பன்னிரண்டு மாதமும் வரும். 2021 டிசெம்பரில் 121 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் டீசல், 2022 ஜூனில் 460 ரூபாவாகியது. அதற்கு முன்னைய பெரும்போகம் இரசாயன உரத் தடையால் பாதிக்கப்பட்டிருந்தது. விளைச்சலும் இன்றி எரிபொருளும் இன்றி நின்ற அந்த நாட்களை எந்தக் கமக்காரரும் மறக்கமாட்டார். அயலவரின் வயலையும் உழுது வாடகை பெறும் வாய்ப்பு இல்லாதவர் தனியாக இயந்திரம் வாங்குவது, எமது பார்வையில், விவேகமன்று.

நான்கைந்து குடும்பங்கள் கூட்டாக வாங்குவதே அத்தகையோருக்கு உகந்தது. கூட்டாக வாங்கும் சிறு கமக்காரருக்குக் குறைந்த வட்டியில் கடன் வழங்கவும், போகத்துக்குப் போகம் தவணை செலுத்த அனுமதிக்கவும் அரச வங்கிகள் முன்வர வேண்டும். கமக்காரர் அமைப்புகளும் உழவு வரிசையை விதைப்புக்கு முன்னரான கூட்டத்திலேயே எழுத்தில் தீர்மானித்து, அரை ஏக்கர்காரரின் பெயரையும் அதில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.