தாசில்தாரின் ‘தார்’: பாரசீகத்தைத் தமிழ் வழியே கற்பிப்போம்

வாழவந்தி ஊராட்சியில் காப்பியும் மிளகும் பயிரிடும் ஒருவர், பட்டா மாறுதல் கேட்டு ஏற்காடு தாலுகா அலுவலக ஜமாபந்தியில் மனுக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் வாங்கி வந்த அடங்கல் நகலில் பசலி ஆண்டு குறித்திருக்கும். 1435-ஆம் பசலி என்றால், அதோடு 590-ஐக் கூட்டிக்கொள்ள வேண்டும். 2025 ஜூலை 1-ல் பிறந்த ஆண்டு. தாசில்தார், தாலுகா, ஜமாபந்தி, பசலி, வசூல், ஜப்தி என்று அவர் அன்று காதில் வாங்கும் சொற்களில் பலவற்றின் வேர் அரபியில் இருக்கலாம். ஆனால் அவை நம் ஊருக்கு வந்து சேர்ந்த வழி பாரசீகம். இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாக நம் நிலத்தின் கணக்கோடு ஒட்டிக்கிடக்கும் அந்த மொழியை வாசிக்கத் தெரிந்த தமிழர்கள் இன்று மிகச் சிலரே. இது நம் வரலாற்றுப் படிப்பில் ஒரு பெரிய ஓட்டை. அதை அடைக்க வேண்டுமானால் பாரசீக எழுத்தையும் இலக்கணத்தையும், தொடக்கப் பாடம் முதல் பழைய ஆவணம் வாசிக்கும் நிலை வரை, தமிழ் வழியாகவே கற்பிக்க வேண்டும்.

சேலம் வட்டாரத்துக்கு இதில் தனி உரிமை உண்டு. 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி திப்பு சுல்தான் பாராமகாலையும் சேலத்தையும் கும்பினியாரிடம் விட்டுக்கொடுத்தார். திப்புவின் அரசு கடிதங்களையும் ஆணைகளையும் பாரசீகத்தில் எழுதிய அரசு. அவருடைய நூலகத்திலிருந்த கையெழுத்துப் படிகளுக்கு சார்லஸ் ஸ்டூவர்ட் 1809-ல் தனி அட்டவணையே வெளியிட்டார். புதிதாகக் கிடைத்த நாட்டில் வரி விதிக்க அலெக்சாண்டர் ரீடு திருப்பத்தூரில் அமர்ந்தார். அவருடைய உதவியாளராகத் தருமபுரியில் இருந்த தாமஸ் மன்றோ பாரசீகம் கற்றவர். பிற்காலத்தில் ரயத்துவாரி என்று சென்னை மாகாணம் முழுவதும் பரவிய நிலவரி முறைக்கு இவர்கள் இங்கேதான் கால்கோள் இட்டார்கள். அந்த முறையின் பெயரிலேயே பாரசீகம் இருக்கிறது. ஆளவந்த வெள்ளையருக்கு அன்று தேவைப்பட்ட மொழி, ஆளப்பட்ட மக்களின் கதையை எழுத வேண்டிய நமக்குத் தேவையில்லாமல் போகுமா?

பாரசீகம் என்றதும் அது எட்டாத மொழி என்று பலர் நினைக்கிறார்கள். இலக்கணத்தைப் பார்த்தால் உண்மை நேர்மாறு. பாரசீக வாக்கியத்தில் வினை கடைசியில் வரும். ‘ரஃப்தம்’ என்றால் போனேன், ‘ரஃப்தி’ என்றால் போனாய். நம்மைப் போலவே விகுதி இடத்தைக் காட்டிவிடுவதால் ‘நான்’, ‘நீ’ என்று தனியே சொல்ல வேண்டியதில்லை. போனான், போனாள், போனது மூன்றுக்கும் ‘ரஃப்த்’ ஒன்றே, பால் வேறுபாடு கிடையாது. இன்னும் நுட்பமான ஒற்றுமை இரண்டாம் வேற்றுமையில் இருக்கிறது. ‘புத்தகம் வாங்கினேன்’ என்பதற்கும் ‘புத்தகத்தை வாங்கினேன்’ என்பதற்கும் உள்ள வேறுபாடு நம் குழந்தைக்குக்கூடச் சொல்லாமலே தெரியும். முதலாவது ஏதோ ஒரு புத்தகம், அடுத்தது இன்ன புத்தகம். பாரசீகத்தில் முன்னது ‘கிதாப் கரீதம்’, பின்னது ‘கிதாப் ரா கரீதம்’. ஆங்கில வழியில் படிப்பவர் இந்த ‘ரா’வைப் பிடிக்கப் பக்கம் பக்கமாக விளக்கம் படிக்க வேண்டும். தமிழருக்கு ‘ஐ’ உருபு என்று ஒரு வரி போதும். அந்த வரியை எழுதிவைக்கும் பாடநூல்தான் நமக்கு வேண்டும்.

நாம் அறியாமலே பாரசீக இலக்கணத்தைக் கையாண்டும் வருகிறோம். ‘தாஷ்தன்’ என்றால் வைத்திருத்தல். அதன் நிகழ்கால அடி ‘தார்’. தாசில்தார், ஜமீன்தார், மிராசுதார் ஆகியவை அங்கிருந்து அப்படியே வந்தவை. பங்குதாரரும் ஒப்பந்ததாரரும் குத்தகைதாரரும் நாம் ஆக்கிக்கொண்ட சொற்கள். ஒரு அயல்மொழி வினையடியைத் தமிழ்ப் பெயரோடு ஒட்டிப் புதுச்சொல் படைக்கும் அளவுக்கு அது நமக்குப் பழகிப்போயிருக்கிறது. ‘வசூல் செய்’, ‘ஜப்தி செய்’ என்று பெயர்ச்சொல்லோடு ஒரு துணைவினை சேர்க்கிறோமே, பாரசீகமும் ‘கர்தன்’ என்ற வினையைச் சேர்த்து இதையேதான் செய்கிறது.

கடினம் எழுத்தில் இருக்கிறது. அதை மறைக்க வேண்டியதில்லை. அரபு எழுத்து இருபத்தெட்டோடு நான்கு சேர்ந்து மொத்தம் 32. குறில் உயிர்கள் பெரும்பாலும் எழுதப்படுவதில்லை. அதனால் க, ர, ம ஆகியவற்றின் மெய்கள் மட்டும் நிற்கும் ஒரு சொல்லை ‘கரம்’ என்று படித்தால் கொடை, ‘கெர்ம்’ என்று படித்தால் புழு. கோஹினூர் என்னும் பெயரில் மலைக்கும் ஒளிக்கும் நடுவே ஒலிக்கும் ‘இ’கூட வழக்கமாக எழுத்தில் வராது, படிப்பவரே சேர்த்துக்கொள்ள வேண்டும். அச்சு நூலைத் தாண்டி ஆவணத்துக்குப் போனால் ‘ஷிகஸ்தா’ என்ற கூட்டெழுத்து காத்திருக்கிறது. ‘உடைந்தது’ என்பதே அதன் பொருள். புள்ளிகள் விடுபடும், சேரக்கூடாத எழுத்துகள் சேர்ந்துகொள்ளும். வரவு செலவுத் தொகைகளோ ‘சியாக்’ எனப்படும் கணக்குக் குறிகளில் இருக்கும். ஆனால் புள்ளியில்லாத ஓலைச்சுவடியை வாசிக்கவும், மா, காணி, முந்திரி என்று பின்னக் கணக்குப் போடவும் பழகிய மரபு நம்முடையது. சுவடி வாசிக்கப் பயின்றவருக்கு இந்தத் தொல்லை அறிமுகமானதுதான். ஆகவே பாடத்திட்டம் கவிதையோடும் உரையாடலோடும் நின்றுவிடாமல், கடைசி ஆண்டில் ஷிகஸ்தாவிலும் சியாக்கிலும் போய் முடிய வேண்டும்.

தாலுகாவை வட்டமாகவும் தாசில்தாரை வட்டாட்சியராகவும் ஜமாபந்தியை வருவாய்த் தீர்வாயமாகவும் மாற்றிவிட்ட பிறகு பழைய மொழி எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். அந்த மாற்றம் நல்ல மாற்றம். குடிமகனுக்கு அலுவலகம் தன் மொழியில் பேச வேண்டும். ஆனால் இன்றைய அலுவலகத்தின் சொல்லை மாற்றினால் 18-ஆம் நூற்றாண்டின் தாள் தமிழாகிவிடாது. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு தமிழில்தான் எழுதப்பட்டது. அதையே பாரசீகச் சொற்கள் தெரியாமல் முழுதாகப் புரிந்துகொள்ள முடியாது.

மொழிபெயர்ப்புகள் இருக்கின்றனவே என்பது இன்னொரு வாதம், மதிக்கத்தக்கதும்கூட. ஆற்காட்டு நவாபுகளின் வரலாறான ‘துசக்-இ-வாலாஜாஹி’யை 1930-களில் முகம்மது ஹுசைன் நயினார் ஆங்கிலத்தில் தந்தார், அது சென்னைப் பல்கலைக்கழகம் செய்த அருந்தொண்டு. ஆனால் மொழிபெயர்ப்பாளர்கள் தேடிப்போவது அரசர் கதையைத்தான். ஒரு கிராமத்தின் கிஸ்திக் கணக்கை யாரும் மொழிபெயர்த்து அச்சிடுவதில்லை, குடியானவரின் வரலாறோ அங்கேதான் கிடக்கிறது. இயந்திரம் படித்துவிடும் என்பவர்களுக்கும் ஒரு சொல். அது படித்தது சரியா என்று பார்க்கவாவது படிக்கத் தெரிந்த ஆள் வேண்டும்.

இன்னொரு மொழியைப் பள்ளிப் பிள்ளைகள் தலையில் ஏற்றச் சொல்லவில்லை. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை பாரசீகத்தைப் பள்ளி விருப்பப் பாடங்களில் ஒன்றாகக் குறிப்பிடுகிறது. என் கோரிக்கை அதுவல்ல. வரலாறும் தமிழும் முதுகலையில் படிப்பவர்களில் விரும்பி வரும் பத்துப் பேர் போதும். சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகம் பாரசீகக் கையெழுத்துப் படிகளை வைத்துக் காக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் அரபி, பாரசீகம், உருதுத் துறை இருக்கிறது. சேலத்தில் 1997 முதல் பெரியார் பல்கலைக்கழகம் இருக்கிறது. இம்மூன்றும் கைகோத்து, தமிழில் ஒரு பாரசீக இலக்கண நூலையும் இரண்டாண்டுச் சான்றிதழ்ப் படிப்பையும் உருவாக்க வேண்டும். உயர்கல்வித் துறை அதற்குப் பணம் ஒதுக்க வேண்டும். ஜூலை 1-ல் புதுப் பசலி பிறக்கும்போது அந்த வகுப்பும் தொடங்கட்டும்.