மாசியில் கருகும் மாம்பூ



மாசி, பங்குனியில் இரண்டு மழை விழுந்தால்தான் விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து வீட்டுத் தோட்டங்கள் சித்திரை வெயிலைத் தாங்கும். அந்தக் கோடை மழையை இப்போது நம்ப முடிவதில்லை. மாமரத்தில் பூ கருகுகிறது. பட்டாணி அளவுப் பிஞ்சும் கொட்டிவிடுகிறது. கத்தரி இலையைத் திருப்பினால் அடியில் சிலந்திப்பேன் நூல் கட்டியிருக்கிறது. வெக்கையும் வறட்சியும் சேர்ந்தால் அது மளமளவென்று பெருகும்.

மழையே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. கொட்டியது. மொத்தமாகப் பெய்து கடலுக்குப் போனால் பங்குனிக்கு என்ன மிஞ்சும்?

பெய்வதை ஏரியில்தான் தேக்க வேண்டும். ஏரி வண்டலை இலவசமாக எடுக்க வட்டாட்சியரே அனுமதிக்கலாம் என்று 2024இல் அரசு எளிமையாக்கியது நல்ல காரியம். வரத்து வாய்க்காலையும் அதோடு சேர்த்துக் கோடையிலேயே தூர்வார வேண்டும். ஆசிரியருக்கு இன்னொரு வேண்டுகோள்: டி.எம்.வி. நிலக்கடலை ரகங்களைத் தந்த எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் திண்டிவனத்திலேயே இருக்கிறது. எந்த வாரம் எதை விதைக்கலாம், எதைத் தள்ளிப்போடலாம் என்று அங்குள்ள வல்லுநர்களிடம் கேட்டு, வீட்டுத் தோட்டக்காரர்களுக்காக வாரம் நான்கு வரி வெளியிடுங்கள்.

— வாசகர், திண்டிவனம்