திரும்பி வரும் வழியைப் பார்த்துவிட்டுப் புறப்படுவோம்

நம் குடும்பங்களில் பல்கலைக்கழகத்துக்குப் போகும் பிள்ளைக்கு யாரும் கேட்காமலேயே ஒரு வேலை வந்து சேர்கிறது. வீட்டிலுள்ள கணினி, கைப்பேசி, அச்சுப்பொறி எல்லாவற்றுக்கும் அவர்தான் வைத்தியர். விடுமுறையில் வீட்டுக்குள் நுழைந்ததுமே, "இது ஏன் இவ்வளவு மெதுவா ஓடுது, கொஞ்சம் பாரேன்" என்று யாராவது ஒரு மடிக்கணினியைக் கொண்டுவந்து வைப்பார்கள். நாம் செய்யும் வைத்தியமும் பெரும்பாலும் ஒன்றுதான். புதிய பதிப்பு வந்திருக்கிறதா என்று பார்த்து, பொத்தானைத் தட்டிவிடுவோம்.

அப்படித் தட்டிய ஒரு பொத்தானால், என் பெரியம்மாவின் இருபது ஆண்டு உழைப்பு கைநழுவிப் போக இருந்தது. தவறு என்னுடையது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பெரியம்மா பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியர். ஈப்போவில் தம் வீட்டு முன்கூடத்தில், வார இறுதிகளில் எஸ்.பி.எம். மாணவர்களுக்குத் தமிழ்மொழியும் தமிழ் இலக்கியமும் கட்டணமின்றிச் சொல்லித் தருகிறார். அவருடைய மடிக்கணினி 2019-இல் வாங்கியது. அதில் விண்டோஸ் 10 ஓடிக்கொண்டிருந்தது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாள் முடிந்துவிட்டது என்பது எனக்குத் தெரியும். பாதுகாப்பு இல்லாத கணினியில் இணையத்தைப் பயன்படுத்துகிறாரே என்ற அக்கறையில், ஒரு சனிக்கிழமை அதை விண்டோஸ் 11-க்கு மேம்படுத்தினேன். கணினி அதற்குத் தகுதியானதா என்று சோதித்தேன், தகுதி இருந்தது. வேலை முடிந்தது. திரை பளபளத்தது. நானும் பெருமையோடு கோலாலம்பூருக்குப் பேருந்து ஏறினேன்.

புதன்கிழமை பெரியம்மாவிடமிருந்து அழைப்பு வந்தது. "நல்லா வேகமா ஓடுதும்மா. ஆனா என் பாடத்தையெல்லாம் மறந்துடுச்சே!"

அவர் இருபது ஆண்டுகளாகப் பயன்படுத்தி வந்தது ஒரு பழைய தமிழ்த் தட்டச்சு மென்பொருள். அதைத் தயாரித்த நிறுவனம் இன்று இல்லை. கணினியில் ஒரு சின்ன பூட்டுக் கருவியைச் செருகினால்தான் அது திறக்கும். காசு கொடுத்து வாங்கியவர் மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்பதற்காக அந்தக் காலத்தில் செய்த ஏற்பாடு அது. அந்தக் கருவியைக் கணினிக்கு அடையாளம் காட்டும் டிரைவர் மிகப் பழையது. புதிய இயங்குதளம் அதை ஏற்கவில்லை. கருவி தெரியாததால் மென்பொருள் திறக்கவில்லை. கோப்புகள் அந்த மென்பொருளுக்கே உரிய வடிவத்தில் இருந்ததால் வேறு எதிலும் அவற்றைப் படிக்க முடியவில்லை. நானூறுக்கும் மேற்பட்ட கோப்புகள்: மாதிரிக் கட்டுரைகள், இலக்கணப் பயிற்சிகள், இலக்கிய வினாக்கள். எல்லாம் வட்டில் பத்திரமாக இருந்தன. ஆனால் பூட்டிய அலமாரிக்குள் இருப்பது போலத்தான்.

இதில் எனக்கு இன்னும் வெட்கம் தருவது அடுத்து நடந்தது. வட்டில் இடம் குறைந்துவிட்டது என்று கணினி எச்சரிப்பதாகவும் பெரியம்மா சொன்னார். "தேவையில்லாத கோப்புகளின் பட்டியல் வரும் பெரியம்மா, எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள்" என்றேன் நான். தட்டச்சுச் சிக்கலைத் தவணை விடுமுறையில் வந்து பார்க்கலாம் என்றும் சொல்லிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை இதை ஒரு வகுப்புத் தோழியிடம் சொன்னபோது, அவர் கேட்ட முதல் கேள்வி: "மேம்படுத்தி எத்தனை நாள் ஆச்சு?"

நம்மில் பலருக்குத் தெரியாத செய்தி இது. விண்டோஸை மேம்படுத்தும்போது பழைய இயங்குதளம் உடனே அழிந்துவிடுவதில்லை. 'விண்டோஸ்.ஓல்ட்' என்ற கோப்புறையில் அது ஒதுக்கி வைக்கப்படுகிறது. செட்டிங்ஸ், சிஸ்டம், ரெக்கவரி என்று போனால் 'கோ பேக்' என்ற பொத்தான் இருக்கும். அதைத் தட்டினால் பழைய பதிப்புக்குத் திரும்பலாம். ஆனால் அதற்குப் பொதுவாகப் பத்து நாள்தான் தவணை. அதன்பின் அந்தக் கோப்புறை தானாகவே நீக்கப்படும். அதற்கு முன்பே, இடத்தைக் காலி செய்வதாக நினைத்து முந்தைய விண்டோஸ் கோப்புகளை நாமே அழித்துவிட்டாலும் வழி அடைபட்டுவிடும். அப்புறம் எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் பழைய இயங்குதளத்தை முதலிலிருந்து நிறுவ வேண்டியதுதான். நிறுவும் வட்டைத் தொலைத்துவிட்ட பழைய மென்பொருளுக்கு அதுவும் பயன் தராது.

பதறிப்போய்ப் பெரியம்மாவை அழைத்தேன். "அந்தப் பட்டியலில் எதையாவது அழித்தீர்களா?" என்று கேட்டேன். "இல்லம்மா. ஏதோ முந்தைய விண்டோஸ்னு பெருசா இருந்துச்சு. எனக்குத் தெரியாததைத் தொடக் கூடாதுன்னு விட்டுட்டேன்" என்றார். கணினி படிக்கும் எனக்கு இல்லாத நிதானம் அவருக்கு இருந்தது.

சனிக்கிழமை, ஏழாம் நாள், ஈப்போ சென்றேன். முதலில் அவருடைய கோப்புகள் அனைத்தையும் வெளி வட்டு ஒன்றில் படியெடுத்தேன். இந்த முறையில் திரும்பும்போது சொந்தக் கோப்புகள் அழிவதில்லை. மேம்படுத்திய பின் நிறுவிய செயலிகளும் மாற்றிய அமைப்புகளும்தான் போகும். ஆனாலும் ஒரு முறை சூடு பட்டவள் நான். மின்னிணைப்பைச் செருகி, பழைய கடவுச்சொல் நினைவிருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டு பொத்தானைத் தட்டினேன். அரை மணி நேரத்துக்கு மேல் கறுப்புத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். பழைய முகப்பு வந்தது. பூட்டுக் கருவியின் சிவப்பு விளக்கு எரிந்தது. மென்பொருள் திறந்தது. பெரியம்மா முதலில் திறந்து பார்த்தது, அன்று மாலை வகுப்புக்கு வேண்டிய பயிற்சித் தாளை.

இத்துடன் கதை முடிந்தது என்றுதான் நினைத்தேன். உண்மையில் வேலை அங்கேதான் தொடங்கியது.

பழைய இயங்குதளத்துக்குத் திரும்புவதைச் சிலர் தோல்வியாகப் பார்க்கிறார்கள். அது தோல்வியல்ல. 2007-இல் விண்டோஸ் விஸ்டா வந்தபோது பல பழைய கருவிகளுக்கு ஏற்ற டிரைவர் கிடைக்கவில்லை. எக்ஸ்பி-க்கே திரும்பிப் போன அலுவலகங்கள் பல. விஸ்டாவின் சில பதிப்புகளோடு, எக்ஸ்பி-ஐப் பயன்படுத்தும் உரிமையையும் மைக்ரோசாப்ட் வழங்கியது. 2019-இல் ஆப்பிளின் மேக் கணினிகளுக்குக் கேட்டலினா வந்தபோது, 32-பிட் செயலிகள் எதுவும் அதில் ஓடவில்லை. அவற்றை நம்பித் தொழில் செய்தவர்கள் பழைய பதிப்பிலேயே தங்க வேண்டியிருந்தது. ஆனால் எக்ஸ்பி-க்குத் திரும்பியவர்களும் அங்கேயே இருந்துவிட முடியவில்லை. 2014 ஏப்ரல் 8-ஆம் நாளோடு அதற்கான ஆதரவும் முடிந்தது.

பெரியம்மாவின் கணினிக்கும் அதே நிலைதான். கூடுதல் பாதுகாப்புத் திட்டத்தில் பதிந்தாலும், வீட்டுக் கணினிகளுக்கு அது 2026 அக்டோபர் 13 வரைதான். ஆக, பழைய பதிப்புக்குத் திரும்பியதால் நமக்குக் கிடைப்பது வீடு அல்ல, வாடகைக்கு ஒரு தங்குமிடம். அந்தத் தவணைக்குள் சாமான்களை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும்.

இங்கே சாமான் என்பது தமிழ். நம் தலைமுறை ஒருங்குறியோடு வளர்ந்தது. கைப்பேசியில் தமிழில் தட்டுகிறோம். யார் கைக்குப் போனாலும் அது தமிழாகவே தெரிகிறது. முன்பு அப்படி இல்லை. ஒவ்வொரு மென்பொருளும் தமிழ் எழுத்துகளைத் தனக்குத் தோன்றிய குறியீட்டில் சேமித்தது. ஒன்றில் அடித்ததை மற்றொன்றில் திறந்தால் குப்பை போல் தெரியும். இதை ஒழுங்குபடுத்துவது பற்றிப் பேசத்தான் 1997-இல் சிங்கப்பூரிலும் 1999-இல் சென்னையிலும் தமிழிணைய மாநாடுகள் கூடின. ஒருங்குறியின் முதல் பதிப்பிலேயே, 1991-இல், தமிழுக்கு இடம் இருந்தது. ஆனால் அது எல்லாருடைய மேசைக்கும் வந்து சேரப் பல ஆண்டுகள் ஆயின. அந்த இடைவெளியில் நம் ஆசிரியர்கள் அடித்தவை எல்லாம் இன்னும் பழைய குறியீடுகளில் கிடக்கின்றன.

இப்போது ஒவ்வொரு வார இறுதியும் ஒரு பகுதிக் கோப்புகளைத் திறந்து, உரையை வெளியே எடுத்து, மாற்றிக் கருவியில் இட்டு ஒருங்குறியாக்குகிறேன். கருவி எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிடுவதில்லை. பழைய எழுத்துருக்கள் 'கொ' என்பதைக் கண்ணுக்குத் தெரியும் வரிசையில், கொம்பு, க, கால் என்று சேமித்தன. ஒருங்குறியில் ககரம் முதலில் வர வேண்டும். இந்த இடமாற்றத்தில் சில சொற்கள் உடைந்துவிடுகின்றன. பெரியம்மா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வரியாகத் திருத்துகிறார். எனக்கும் இலக்கணம் கொஞ்சம் திரும்பி வருகிறது. தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டு படித்துவிட்டு, இடைநிலைப்பள்ளியில் மலாய்க்கும் ஆங்கிலத்துக்கும் மாறிய எனக்கு இது கூடுதல் வரவு. கடைசிக் கோப்பும் மாறிய பிறகு, அந்தக் கணினியை மறுபடி மேம்படுத்துவோம். இந்த முறை அவர் தாமே பொத்தானைத் தட்டட்டும்.

என்னைப் போன்ற வீட்டு வைத்தியர்களுக்குச் சொல்ல விரும்புவது இவ்வளவுதான். பொத்தானைத் தட்டும் முன், "இதில் நீங்கள் தினமும் எதைத் திறக்கிறீர்கள்?" என்று கணினிக்கு உரியவரைக் கேளுங்கள். அது புதிய பதிப்பில் ஓடுமா என்று பாருங்கள். படியெடுத்து வையுங்கள். திரும்பும் வழி எத்தனை நாள் திறந்திருக்கும் என்று கேட்டு, நாள்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். ஐபோன் போன்ற கருவிகளில், பழைய பதிப்புக்கு ஆப்பிள் ஒப்பமிடுவதை நிறுத்திவிட்டால் திரும்பவே முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இன்னொன்றும் உண்டு. ஓய்வு பெற்ற தமிழாசிரியர்களின் கணினிகளிலும், ஆலய, சங்கச் செயலாளர்களின் அலமாரிகளிலும் இப்படிப் பூட்டிக் கிடக்கும் கோப்புகள் எத்தனையோ இருக்கும். பல்கலைக்கழகங்களில் உள்ள நம் தமிழ்மொழிக் கழகங்கள் ஆண்டுக்கு ஒரு கலைநிகழ்ச்சி நடத்துகின்றன. அதோடு ஒரு வார இறுதியை ஒதுக்கி, அருகிலிருக்கும் ஆசிரியர் ஒருவரின் கோப்புகளை மாற்றிக் கொடுக்கலாமே? பழைய கணினிகள் இன்னும் இயங்குகின்றன. அவற்றில் எது எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர்களும் நம்மோடு இருக்கிறார்கள். இந்தத் தவணையும் என்றென்றும் நீடிக்காது.